பழைய சேலைக்கு ஒரு ஸ்டேட்டஸ்

நான் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்து பிழைக்கிறவன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, பங்குத் திருவிழா, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று நாகர்கோவிலில் மனிதனுக்கு நடக்கிற எல்லாமே என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் தெருவுக்கு வரும். தங்கநிற எழுத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், மூலையில் ரோஜாப்பூ. ஆள் மணமகனா, இறந்தவரா என்பதைப் பொறுத்து ரோஜாவின் நிறம் மட்டும் மாறும். இந்தக் கைவேலையை இலவசமாகக் கொடுத்து ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. ஒரு டீச்சர் கேட்டார், செய்தேன். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். அவரிடம் முடியாது என்று சொல்லும் தைரியம் இந்த வயதிலும் வரவில்லை.

ரிட்டயர் ஆனபிறகு டீச்சரும் அவருடைய கூட்டாளிப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஒரு கடை நடத்துகிறார்கள். வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் சேலை, சட்டை, பாத்திரம், பாடப்புத்தகம், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் வாங்கி, கழுவித் துடைத்து, சின்ன விலை போட்டு விற்பார்கள். எழுந்து நடமாட முடியாமல் வீட்டிலேயே படுத்திருக்கும் நோயாளிகளுக்கு அந்தக் காசு போகிறது. டயப்பர், காற்று மெத்தை, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுத்துணி, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்சின் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல். எல்லை தாண்டினால் கேரளத்தில் இந்த வகைப் பராமரிப்பு 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துப் படித்தவர்கள்தான். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. டீச்சருக்கு அது பிடிக்காது.

என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது ஒரு போஸ்டர். “வாட்ஸ்அப்புல போட ஒண்ணு செஞ்சு தா மக்களே” என்றார் டீச்சர். குழுவில் இருந்த ஒரு அண்ணன் தயாராகப் போனில் படம் வைத்திருந்தார். கட்டிலில் எலும்பும் தோலுமாக ஒரு பாட்டி, பக்கத்தில் காலித் தட்டு. “இதப் பெருசா வச்சு, மேல ‘உதவிக்கரம் நீட்டுங்கள்’னு செகப்புல போடு. பாக்கவனுக்குக் கண்ணு நெறயணும்” என்றார்.

தொழில்முறையில் அவர் சொன்னது தப்பில்லை. முகம் இருந்தால் திரையை நகர்த்தும் விரல் நிற்கும், அழுத முகம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். இது என் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். டீச்சர் போனை வாங்கிக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“இவளுக்க பேரன் இங்கதான் படிக்கான். கூடப் படிக்கவன் இந்தப் படத்தப் பாத்தா அவன் நாளைக்கி எப்பிடி மக்களே கிளாசுக்குப் போவான்?”

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். டீச்சர் விடவில்லை. “நாம கடை வச்சிருக்கோம். சேலை கெடக்கு, குக்கர் கெடக்கு. அத விக்கதுக்கு வழி சொல்லச் சொல்லு.”

அந்தப் பேச்சோடு என் வேலை என்ன என்பது முடிவாகிவிட்டது. கடையைக் கடையாகக் காட்ட வேண்டும். நோயாளியின் படம் எங்கேயும் வராது, வாங்க வருகிறவரின் படமும் வராது. சரக்கு பேசட்டும். இதைச் சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது. சமூக ஊடகத்தில் தொண்டு என்றாலே இல்லாதவன் முகத்தைக் காட்டி இருப்பவனிடம் கேட்பது என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். பிரியாணிப் பொட்டலத்தை ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்க, இருவரும் கேமராவைப் பார்க்கிற படங்களை எத்தனை முறை கடந்து போயிருப்போம்! அதில் வாங்குகிறவரின் கண்ணை மட்டும் யாராவது நின்று பார்த்ததுண்டா?

என் சித்தி மகள் இங்கிலாந்தில் நர்ஸ். போன புதிதில், முதல் குளிர்காலத்துக்கு அவள் வாங்கிய கோட்டு சாரிட்டி ஷாப்பில், அதாவது ஜனங்கள் கொடுத்த பழைய பொருளைத் தொண்டுக்காக விற்கும் கடையில், வாங்கியது. வீடியோ காலில் அதைப் பெருமையாகக் காட்டினாள். சித்திக்கு முகம் விழுந்துவிட்டது. “அடுத்தவ போட்டு அவுத்ததயா பிள்ளே உடுக்க?” என்று கேட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க என் அம்மாவிடம் புலம்பினார். அங்கே யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை, கூட வேலை பார்க்கும் டாக்டரும் அதே கடையில்தான் புத்தகமும் கோப்பையும் வாங்குவார் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட கடைகள் 10,000-க்கும் மேல் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, இதயநோய்க்கு, முதியோருக்கு, கடைசிக் காலப் பராமரிப்பு இல்லங்களுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடை. கடையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். கல்லாவில் பணி ஓய்வுபெற்றவர் இருப்பார். கண்ணாடி முகப்பை அலங்கரிக்க வாரத்துக்கு ஒருநாள் வருகிறவர் இருப்பார். நல்ல பொருளாகப் பொறுக்கிப் படம் எடுத்து ஈபேயில் ஏற்றுவது ஒருவர் வேலை, இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு காலேஜ் பிள்ளையின் வேலை. விலைச்சீட்டில் எந்த வாரம் வந்தது என்று குறி இருக்கும். சில வாரம் ஆகியும் விற்கவில்லை என்றால் அலமாரியிலிருந்து இறக்கிப் பழந்துணி வியாபாரிக்குக் கிலோ கணக்கில் போட்டுவிடுவார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். தேங்கிய சரக்கு நல்ல சரக்கையும் சேர்த்துக் கெடுக்கும். அதே அழுக்குப்பச்சைச் சுடிதார் மூன்று மாதமாக வாசலில் தொங்கினால் உள்ளே எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்துபோய்விடுவார்கள்.

இந்தக் கடைகளில் பேர்போன ஆக்ஸ்ஃபாம் எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு நம்ம ஊர் ஞாபகம் வந்தது. இரண்டாம் உலகப்போரில் பட்டினியில் கிடந்த கிரேக்க மக்களுக்காக 1942-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு குழு சேர்ந்தது. போர் முடிந்தபின் மறுபடி கிரேக்கத்துக்கு உதவி கேட்டபோது ஜனங்கள் தேவைக்கு மேல் பொருளைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். மிஞ்சியதை விற்றுக் காசாக்கலாம் என்று 1947 வாக்கில் பிராட் தெருவில் 17-ஆம் எண் கட்டடத்தில் கடை போட்டார்கள். அந்தக் கடை இன்றும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையிலும் தேவைக்கு மேல் துணி குவிந்தது. லாரி லாரியாக வந்த பழைய துணி தமிழ்நாட்டுக் கடலோரம் முழுக்கச் சாலையோரத்தில் கிடந்து நனைந்தது. மீனவர்கள் அதைத் தொடவில்லை என்று சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்தவர்களிடம் பொத்தான் இல்லாத சட்டையையும் சாயம்போன நைட்டியையும் தூக்கி வீசினால் அவர்கள் ஏன் தொட வேண்டும்? அப்படி மிஞ்சிய துணியைப் பிரித்தெடுத்து உபயோகமாக்கும் வேலையைச் செய்தவர்களில் கூஞ்ச் அமைப்பு முக்கியமானது. அன்ஷு குப்தா 1999-ல் தில்லியில் தொடங்கியது, 2015-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அவர்களுடைய ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம், கிராமத்தார் சேர்ந்து குளம் தூர்வாருவது, பாதை போடுவது என்று தங்கள் ஊருக்கு வேண்டிய வேலையைச் செய்வார்கள், அதற்குக் கூலியாகத் துணி கிடைக்கும். யாரும் கையேந்துவதில்லை. கடையில் விலை போட்டு வைப்பதும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. முப்பது ரூபாய் கொடுத்துச் சட்டை வாங்கியவர் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பேரம் பேசலாம், குறை சொல்லலாம், வேண்டாம் என்று வைத்துவிட்டும் போகலாம்.

குமரி மாவட்டத்தில் உடுப்பைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கவனமாகத்தான் பேச வேண்டும். மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக இங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் பட்ட அடி கொஞ்சமல்ல. திருவிதாங்கூர் மன்னர் 1859 ஜூலை 26-ல் ஆணை பிறப்பித்தபோதுகூட, மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற முறையில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை போட்டுத்தான் அனுமதித்தார்கள். என்ன உடுத்துவது என்பதை இன்னொருவர் முடிவு செய்வதன் வலி இந்த மண்ணில் இறங்கிக் கிடக்கிறது. சித்தியின் புலம்பலை வெறும் வறட்டுக் கௌரவம் என்று என்னால் தள்ள முடியாததற்கு இதுவும் காரணம்.

இதே ஊரில் வேறொரு கதையும் உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதை விற்ற காசு பெண்கள் பள்ளிக்கு உதவியது. பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் அதில் உண்டு. லேஸ் வாங்கிய துரைசானிகள் இரக்கத்தில் வாங்கினார்களா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. லேஸ் நன்றாக இருந்தது, வாங்கினார்கள். இரக்கம் ஒருதடவை வாங்கும். சரக்கு நன்றாக இருந்தால்தான் ஆள் மறுபடி வரும்.

சரி, சரக்குக்கு வருவோம்.

கடைக்குள் டியூப்லைட் வெளிச்சம். அதில் படம் எடுத்தால் அரக்குச் சேலை பிரவுனாகும், பிரவுன் சேலை சாம்பலாகும். வாசல்படிக்கு நேரே ஒரு பெஞ்சைப் போட்டு, வெள்ளைப் பெட்ஷீட் விரித்து, வெயில் ஏறுமுன் காலையில் எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். ஃபிளாஷ் போடுவதில்லை. போன் கேமராவே போதும். ஒரு பொருளுக்கு மூன்று படம்: முழுசாக ஒன்று, கிட்டத்தில் ஒன்று, குறை இருந்தால் அந்தக் குறை மட்டும் ஒன்று. முந்தானையில் மஞ்சள் கறை, பார்டரில் நூல் விட்ட இடம், குக்கர் அடியில் சின்ன நசுங்கல். அந்த மூன்றாவது படம் போடத் தொடங்கியபோது எல்லோருக்கும் தயக்கம். நம் தொழிலில் குறையை மறைப்பதுதான் டிசைன். மணமகனின் முகப்பருவை அழித்து அழித்தே என் விரல் தேய்ந்திருக்கிறது. இங்கே குறையைக் காட்டியதும் விற்பனை தளரவில்லை. “இதுல வேற ஒண்ணும் குறை இல்லியே?” என்று நச்சரிக்கும் கேள்விகள் நின்றுபோயின.

அளவு இன்னொரு தலைவலி. எக்ஸ்எல் என்று ஒட்டியிருக்கும் லேபிளை நம்பவே கூடாது. ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் இன்னொன்றில் எம். டேப்பைத் துணிமேல் வைத்தே படம் எடுத்து, மார்பு இத்தனை இஞ்ச், நீளம் இத்தனை இஞ்ச் என்று எழுதிவிடுகிறோம். மிக்சி, ஃபேன் மாதிரிச் சாமான்களுக்குப் படமே உதவாது. தெரிந்த எலக்ட்ரீஷியன் பார்த்து ஓகே சொன்னபிறகு, சுவிட்சைப் போட்டு ஓட விட்டு, சத்தத்தோடு பத்து விநாடி வீடியோ. பின்னணியில் இசை கிடையாது. மிக்சிக்குச் சத்தத்தைவிட நல்ல விளம்பரம் இல்லை.

மழையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஜூனில் தொடங்கினால் இடையில் கொஞ்சம் விட்டு மறுபடி ஐப்பசி, கார்த்திகை. மூட்டை கட்டி வைத்த துணி நாலு நாளில் பூசணம் பிடித்து வாடை அடிக்கும். அந்துருண்டை போட்டால் வாடை போகாது, வாடையோடு அந்துருண்டை வாடையும் சேரும். பட்டுச்சேலையை மாதத்துக்கு ஒருதடவையாவது நிழலில் விரித்து மடிப்பை மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே கிழியும். போட்டோ எடுக்கப் போன நான் பாதி நாள் செய்தது இந்த வேலைதான். டிசைன் தெரிந்தவன் என்ற மரியாதையில் டீச்சர் என்னைத் தனியாக உட்கார வைக்கவும் இல்லை. துணி பிரிக்கத் தெரியாதவனுக்குத் துணியைப் பற்றி ஒருவரிகூட எழுத வராது என்பதை நானும் அங்கேதான் கண்டுகொண்டேன். சாரம் (லுங்கி) எது, துவர்த்து (துண்டு) எது, கையால் நெய்தது எது என்று விரலால் தொட்டுச் சொல்லும் அக்காமார் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதினால் அதுவே நல்ல வாசகம்.

இந்தக் கடைக்கும் மற்றக் கடைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. எல்லாச் சரக்கும் ஒற்றைச் சரக்கு. ஜவுளிக்கடைக்காரர் ஒரு சட்டைக்கு விளம்பரம் போட்டால் அதே சட்டை நூறு விற்கும். இங்கே ஒரு சேலையை அழகாகப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் ஒருவர் எடுத்துவிடுவார், மீதி இருபத்துநாலு மணிநேரமும் அது ‘இருக்கா?’ ‘இருக்கா?’ என்ற கேள்வியை மட்டும்தான் கொண்டுவரும். குலசேகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் ‘அது போயிட்டே’ என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் இல்லை. அதனால் ஒற்றைப் பொருளுக்குப் படம் போடுவதைக் குறைத்து, வகையையும் நாளையும் சொல்ல ஆரம்பித்தோம். இந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடப் பைகளும் டிபன் பாக்ஸும். அடுத்த சனிக்கிழமை பட்டுச்சேலை, விலை இருநூறிலிருந்து. விற்றதும் வாட்ஸ்அப்பில் உள்ள கேட்டலாக்கிலிருந்து எடுத்துவிடுவது கல்லாவில் இருக்கும் அக்காவின் பொறுப்பு. ரசீது கிழிப்பதோடு சேர்த்து அதையும் பழக்கமாக்கிக்கொண்டார்.

வாட்ஸ்அப் பிசினஸ் காசில்லாமல் கிடைக்கும், இதற்கு அதுவே தாராளம். ஒன்றே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச்சேரும். ஸ்டேட்டஸும் அப்படித்தான், இரண்டு பக்கமும் நம்பர் இருக்க வேண்டும். ஆகவே கடையில் நான் செய்த டிசைன்களிலேயே அதிகம் வேலை செய்தது கல்லாமேசையில் ஒட்டிய ஒரு ஏ4 தாள்: “இந்த நம்பரைச் சேவ் செய்யுங்கள். என்ன வந்திருக்கிறது என்று சனிக்கிழமை தோறும் தெரியும்.” கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள். ஒளிவட்டம் இல்லை, ரோஜாவும் இல்லை.

எழுத்தைப் பற்றி ஒரு புலம்பல். தமிழில் போஸ்டர் செய்கிறவர்களுக்குப் புரியும். அச்சுக்கடைகளில் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருதான் ராஜா. அதில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏதோ சங்கேத மொழி மாதிரி வரும். போனும் இணையமும் படிக்கிற யூனிகோடில் அடித்ததைப் பழைய போட்டோஷாப்பில் ஒட்டினால் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று ஓடும். தொண்டு வேலைக்கு முதலிலிருந்தே யூனிகோடுதான் என்று முடிவு செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பலூ தம்பி, முக்த மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் இலவசம், கான்வாவிலும் உண்டு. பதிவு பெற்ற தொண்டு அமைப்பு என்றால் கான்வாவின் கட்டணச் சேவையையே இலவசமாகக் கேட்டு வாங்கலாம். பத்திரத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

நான் எதிர்பார்க்காத சிக்கல் வேறு திசையில் இருந்தது. இங்கிலாந்தில் கோட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. இங்கே சேலையைப் பார்த்த உடனேயே ‘இது இன்னாருக்க மகளுக்க நிச்சயதார்த்தச் சேலை’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. கொடுத்தவருக்கும் சங்கடம், உடுத்தியவருக்கு அதைவிடச் சங்கடம். இதை முதலிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தவர் டீச்சர்தான். தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வரும் நல்ல சேலைகளை நாகர்கோவிலில் வைப்பது, நாகர்கோவில் சேலைகளை அந்தப் பக்கம் நடக்கும் விற்பனை நாளுக்கு அனுப்புவது என்று ஒரு ஏற்பாடு. கல்யாணச் சேலை மட்டும் ஸ்டேட்டஸில் வரவே வராது, கடைக்கு வந்து கேட்டால் காட்டுவார்கள். அதுதான் நல்ல விலைக்குப் போகும் சரக்கு, அதை விளம்பரம் செய்யாமல் விடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. பேசிப் பார்த்தேன். “வேண்டாம்” என்று ஒரே வார்த்தை. இதில் அவர் கொஞ்சம் அதிகமாகப் பயப்படுகிறார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் கடை அவருடையது.

இன்ஸ்டாகிராம் விஷயத்தில் நான் அடம் பிடித்து ஜெயித்தேன். ரீல்ஸுக்கு நல்ல பார்வை கிடைத்தது. யார் பார்த்தார்கள் என்று பார்த்தால் சென்னை, பெங்களூரு, துபாய், தோஹா. தோஹாவிலிருந்து யாரும் இருநூறு ரூபாய்க் குக்கர் வாங்க வரப்போவதில்லை என்று அந்த அண்ணன் சிரித்தார். நியாயம்தான். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அவர்களுடையவை. லீவுக்கு வந்தபோது அலமாரியைத் திறந்து, அட்டை பிரிக்காத டின்னர் செட், பிள்ளைகள் ஒருதடவை போட்ட ஷூ, மடிப்புக் கலையாத சட்டைகள் என்று காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாட்ஸ்அப் வாங்குகிறவர்களைக் கொண்டுவருகிறது, இன்ஸ்டாகிராம் கொடுக்கிறவர்களைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் ஒரே படத்தைப் போடுவது வீண் வேலை என்று அதற்குப் பிறகுதான் தெளிந்தது.

கொடுக்கிறவர்களுக்கான பதிவில் கொஞ்சம் கறாராக எழுத வேண்டியிருக்கிறது. ‘பழைய துணி கொடுங்கள்’ என்று மட்டும் போட்டால் வீட்டைக் காலி செய்யும் வேலையை நம் தலையில் கட்டுவார்கள். உள்ளாடை வேண்டாம், ஒற்றைச் செருப்பு வேண்டாம், பூசணம் பிடித்த தலையணை வேண்டாம், உங்கள் பிள்ளைக்கு உடுத்திவிடத் தயங்குகிற எதுவும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே எழுதினோம். ஒருசிலர் கோபித்துக்கொண்டார்கள். வந்த மூட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது, விற்கக்கூடிய சரக்கு குறையவில்லை.

வரிச்சலுகை கேட்பவர்களும் உண்டு. பிரிட்டனில் வரி கட்டுகிறவர் கொடுத்த பொருள் விற்றால், அந்த விற்பனைப் பணத்தை நன்கொடையாகக் கணக்கு வைத்து, பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசே கூடுதலாகத் தருகிறது. நம் ஊரில் 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிச்சலுகை பணமாகக் கொடுத்தால்தான் பொருந்தும், அதிலும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய் வரைதான். சேலைக்கு ரசீது கேட்காதீர்கள் என்று அதையும் எழுதி ஒட்டியாயிற்று.

எப்போது என்ன போடுவது என்பதற்கு நாட்காட்டியோடு கடலையும் பார்க்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு. பள்ளிக்கூடம் திறப்பது சரியாக அதன் நடுவில். கையில் காசு இல்லாத நேரத்தில் பையும் ஷூவும் நோட்டும் வாங்க வேண்டியிருக்கும். அதனால் பள்ளிச் சாமான்களை மே மாதத் தொடக்கத்திலேயே வெளியே எடுத்து, விலையை இன்னும் இறக்கி, கடலோர ஊர்களுக்குப் போகும் பட்டியலில் முதலில் அறிவிக்கிறோம். ‘மீனவர்களுக்குச் சலுகை’ என்று எழுதுவதில்லை. நாளையும் விலையையும் அதற்கேற்ப வைத்தால் போதும்.

இந்த மாதிரி வேலைக்கு வர நினைக்கிற டிசைனர்களுக்கும் வீடியோ எடிட் செய்யும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்றே ஒன்று சொல்வேன். எல்லாவற்றையும் கடையின் பெயரில் வையுங்கள். சிம் கடையுடையதாக இருக்கட்டும். பேஸ்புக் பக்கத்துக்கு இரண்டு பேராவது அட்மினாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பின் ஆறு இலக்கப் பின், மின்னஞ்சல் பாஸ்வேர்ட் எல்லாம் கல்லாப்பெட்டிக்குள் இருக்கும் நோட்டில் எழுதியிருக்கட்டும். கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பதும் கடையின் மின்னஞ்சலிலிருந்தே நடக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு அமைப்பின் பக்கத்தைப் பிரமாதமாக நடத்திய பையன் வேலை கிடைத்துக் கத்தாருக்குப் போனான். பாஸ்வேர்டும் விமானம் ஏறிவிட்டது. பல வருடத்துப் பழைய திருவிழா வாழ்த்தோடு அந்தப் பக்கம் இன்றும் அப்படியே நிற்கிறது. தன்னார்வத் தொண்டர் என்றால் என்றைக்காவது போகிறவர் என்று வைத்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நானும் இப்போது பெரும்பாலும் விலகியாயிற்று. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஸ்டேட்டஸைப் பார்த்துக்கொள்கிறாள். நான் வைத்த நிறம், எழுத்துரு எதையும் அவள் மதிக்கவில்லை. படத்துக்குக் கீழே எழுதுவதைவிடத் தானே பேசிப் போடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது. “அக்காமாரே, இன்னைக்கி நாலு இட்லிக் கொப்பறை வந்திருக்கு, ஒண்ணுல தட்டு ஒண்ணு கொறவு” என்று அவள் சொல்வதைக் கேட்டால் எனக்கே வாங்கத் தோன்றுகிறது. எழுத்துப்பிழை விடுகிறாள் என்று டீச்சருக்கு வருத்தம், அதற்காகத்தான் பேசிப் போடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது கோட்டாறு சவேரியார் திருவிழா நெருங்குகிறது, அதைத் தொட்டுக் கிறிஸ்துமஸ். நட்சத்திரமும் சீரியல் லைட்டும் குடில் பொம்மைகளும் மூட்டை மூட்டையாக வந்து கிடக்கின்றன. வந்த குடில் செட் ஒன்றுகூட முழுசாக இல்லை. ஆட்டுக்குட்டிகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன, சூசையப்பருக்குத்தான் தட்டுப்பாடு. ஒரு நல்ல பீங்கான் செட்டில் மூன்று ராஜாக்களில் இரண்டு பேர்தான். அதை மறைக்காமல் “ராஜா ரெண்டு பேருதான் உண்டு, வெல அதுக்கேத்த மாதிரி” என்று பேசிப் போட்டிருந்தாள். வெட்டூர்ணிமடத்திலிருந்து ஒரு ஆச்சி பதிலுக்கு அனுப்பியிருந்தார்: “எங்க வீட்டுல ஒரு ராஜா சும்மா கெடக்காரு. கொண்டு வரட்டா மக்களே?”